எண்ணூர்க் காற்றும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வும்

ஆஸ்துமா ஆய்வுலகம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் துருவிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள இந்தத் துணுக்குகள் தாமாக எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவிடுகின்றன, அல்லது சிதைத்துவிடுகின்றன. 1993இல் ஒரு சிறு புழுவில் இதை வெளிக்கொண்டுவந்த விக்டர் அம்புரோசும் கேரி ரவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூச்சுக்குழாய் அழற்சியில் இத்துணுக்குகளுக்குப் பங்குண்டு என்பதில் இன்று ஐயமில்லை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இழுப்போடு வாழ்கிறவர்களுக்கு இந்த அறிவு என்ன தரும்? மருந்தாக இப்போதைக்கு எதுவும் தராது. காற்று உடம்புக்குள் செய்வதைக் காட்டும் சான்றாக நிறையவே தரும் என்பது என் கணிப்பு.

மருந்து ஏன் தொலைவில் இருக்கிறது என்பதற்கு லெட்-7 என்ற மூலக்கூறின் கதை போதும். சளியைப் பெருக்கி மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கும் புரதங்களில் முக்கியமானது ஐ.எல்.-13. லெட்-7 அதை அடக்குகிறது என்று டெல்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்தில் பலராம் கோஷ், அனுராக் அகர்வால் குழுவினர் 2011இல் காட்டினார்கள். ஆஸ்துமா உண்டாக்கிய எலிகளின் மூக்கு வழியே அதைச் செலுத்தியபோது நோய் தணிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வு நேர்மாறான முடிவைச் சொல்லியிருந்தது: அங்கே எலிகளில் லெட்-7ஐத் தடுத்தபோதுதான் அழற்சி குறைந்தது. இரண்டுமே பொறுப்பான ஆய்வுகள். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது. எந்த உயிரணுவில், நோயின் எந்தக் கட்டத்தில் அதைக் கூட்டுகிறோம் அல்லது குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகலாம். எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோய் மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் 2016இல் நிறுத்தப்பட்டதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஆய்வக எலிகளுக்குப் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தையோ வீட்டுத் தூசிப்பூச்சியின் சாற்றையோ கொடுத்துத்தான் ஆஸ்துமாவை வரவழைக்கிறார்கள். வடசென்னைக் குழந்தை சுவாசிப்பது வேறு. வல்லூரில் 1,500 மெகாவாட், அத்திப்பட்டில் அதைவிடப் பெரிய நிலக்கரி மின்நிலையம், மணலியில் பெட்ரோலிய சுத்திகரிப்பு, துறைமுகத்துக்குள் நுழையச் சாலையோரம் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கந்தக டையாக்சைடும் சாம்பலும் கரித்துகளும் கலந்த காற்றில் வரும் இழுப்பை, ஒற்றை ஒவ்வாமைப் பொருளால் எலிக்கு வந்த இழுப்பை வைத்து முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தத் துறையின் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஆஸ்துமா உள்ள 13 பேரை இரண்டு மணி நேரம் டீசல் புகையைச் சுவாசிக்க வைத்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் எம்.ஐ.ஆர்.-21, எம்.ஐ.ஆர்.-144 உள்ளிட்ட சில துணுக்குகள் கூடியிருந்தன. இத்தாலியின் பிரெஷா பகுதி எஃகு ஆலையில் 63 தொழிலாளர்களிடம் வாரத் தொடக்கத்திலும் மூன்று நாள் வேலைக்குப் பிறகும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் எம்.ஐ.ஆர்.-21 கூடியிருந்தது. எலி ஆஸ்துமாவில் அழற்சியை வளர்ப்பதாகக் கண்ட துணுக்கும் இதுவே. புகை, துணுக்கு, அழற்சி என்ற மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க இது வழி திறக்கிறது. துறைமுகச் சுமைதூக்கிகளிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் இதே முறையில் வேலைக்கு முன்னும் பின்னும் பார்க்கலாம்.

எல்லையும் உண்டு. எம்.ஐ.ஆர்.-21 பல புற்றுநோய்களிலும் உயர்கிறது. அதை மட்டும் வைத்து இன்ன புகைபோக்கிதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலிருந்து வெளிப்படும் துணுக்குகள் கணக்கையே குழப்பிவிடும். எம்.ஐ.ஆர்.-144 சிவப்பணுக்களில் மிகுந்திருப்பது. வெயிலில் வண்டியில் போகும் ரத்த மாதிரிக் குழாய்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

என் அச்சம் இந்தச் சான்றைப் பயன்படுத்தும் விதம் பற்றியது. மூலக்கூறு வரை நிரூபித்துக் காட்டினால்தான் நடவடிக்கை என்று யாராவது சொல்லத் தொடங்கினால், அறிவியல் தள்ளிப்போடுவதற்கான சாக்காகிவிடும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011இல் நின்றது. கறுத்த சுவரும் துணியும் தூசி நிறைந்த வீடுமாக வாழ்ந்த மக்களின் முறையீடும் உயர் நீதிமன்ற உத்தரவும் அதற்குப் போதுமாக இருந்தன. யாருடைய ரத்தத்திலும் எம்.ஐ.ஆர்.-21ஐ அளக்க வேண்டியிருக்கவில்லை. மறுபுறம், நிலக்கரி மின்நிலையங்கள் கந்தகத்தைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டு கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டதற்கு அறிவியல் போதாமை காரணமல்ல.

அதுபோலவே மருத்துவமனையில் இன்றே செய்யக்கூடியதும் எந்தத் துணுக்குக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சு முட்டியதும் நெபுலைசர் வைத்துவிட்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளை ஓட்டுகிறவர்களுக்கு நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும், தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரும், அதைச் சரியாக இழுக்கக் கற்றுத்தர ஒரு செவிலியரும் வேண்டும்.

ஆய்வாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படியொரு இரவு உடம்பில் விட்டுச்சென்றதை அறிய, கசிவுக்கு முன் எடுத்த ரத்தமும் கையில் இருக்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் பள்ளிப் பிள்ளைகளிடம் பெற்றோர் சம்மதத்துடன் சிறிதளவு ரத்தம் எடுத்து, நுரையீரல் திறன் அளவையும் அந்த வாரக் காற்றின் அளவீட்டையும் சேர்த்து, ஆண்டுதோறும் குளிர்பதனத்தில் சேமித்துவர வேண்டும். கிடைக்கும் முடிவு ஆய்விதழுக்குப் போகும் அதே நாளில் தமிழில் அந்தக் குப்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.