பேசாத பாத்திரங்கள்

தொண்டு செய்ய அயல்நாடு போய்வந்த மாணவர்கள் பிற்பாடு அதை நினைத்து எழுதும் கட்டுரைகளை நான் விடாமல் படித்து வருகிறேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதாம். விமானம் இறங்குகிறது, வெயில் சுடுகிறது, குழந்தைகள் சூழ்ந்துகொள்கின்றன, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர் எழும்புகிறது, கடைசி நாளில் கண்ணீர். கொடுக்கப் போன இடத்தில் பெற்றுக்கொண்டு வந்ததாகக் கட்டுரை முடியும். இதெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் கதை எழுதிப் பழகியவனுக்கு, எந்தப் பாத்திரம் பேசுகிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டு. இந்தக் கட்டுரைகளில் எழுதியவர் ஒருவர்தாம் பேசுகிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், கையசைக்கிறார்கள், அவ்வளவுதான்.

1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜனாதிபதி கென்னடி அமெரிக்க அமைதிப் படையைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த ஒரு தொண்டர், கல்லூரிப் படிப்பை முடித்த இளம் பெண், தாயகத்திலிருந்த நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள். இங்கே ஜனங்கள் குடியிருப்பது, சமைப்பது, விற்பது எல்லாம் தெருவிலேதான், இந்த அலங்கோலத்துக்கு எங்களை யாரும் தயார் செய்யவில்லை என்பது அதன் சாரம். அட்டை தபாலில் சேரவில்லை. அந்தக் கல்லூரி மாணவர்கள் கையில் சிக்கியது. அவர்கள் பிரதி எடுத்து வழங்கினார்கள். கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். அந்தப் பெண் நாடு திரும்பும்படி ஆயிற்று. நைஜீரியா விடுதலை பெற்று அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இதை அரசியல் சம்பவமாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ அது ஒரு புத்தக விமரிசனமாகவே படுகிறது. அந்த நகரம் மனத்தைக் கவர்கிறது என்றும் அதே அட்டையில் அவள் எழுதியிருந்தாள். கெட்ட எண்ணம் உள்ளவள் என்று சொல்ல முடியாது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களும் படிப்பார்கள் என்ற நினைப்புத்தான் அவளுக்கு வரவில்லை. தொண்டு நினைவுக் கட்டுரைகளில் முக்கால்வாசி, தபாலில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்ட அட்டைகள். எழுதப்பட்டவர் கைக்கு அகப்படாததால் தப்பித்தன.

படித்தால் அவர் என்ன சொல்வார்? எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று தருகிறேன். சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்யும் வீடுகளில் குழித்தறியைக் காணலாம். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு, ஒரு மனிதர் வீட்டுக்குள்ளே பள்ளம் தோண்டி, அதில் காலை இறக்கிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். உருக்கமாக ஒரு பாரா எழுதிவிடலாம். குழி எதற்கு என்று கேட்டிருந்தால் நெசவாளர் சொல்லியிருப்பார்: மிதிபலகைகள் அதற்குள்தான் இருக்கின்றன, காலால் மிதித்தால்தான் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா ஓட வழிவிடும், தரையோடு தறி இருப்பதால் இழைக்குக் கொஞ்சம் ஈரமும் கிடைக்கும். அவருக்குக் கஷ்டம் இல்லை என்று நான் வாதாடவில்லை. கூலிக் குறையும் முதுகு வலியும் அவருக்கு உண்டு. ஆனால் பார்க்கிறவன் இரக்கப்படும் இடம் ஒன்று, அவருக்கு வலிக்கிற இடம் வேறு. வலிக்கிற இடம் கேட்கிறவனுக்குத்தான் தெரியும்.

கேட்பதற்குப் பாஷை வேண்டும். 1968 ஏப்ரலில், மெக்ஸிகோவில் குவெர்னவாக்கா நகரில் கூடிய அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் ஐவன் இல்லிச் என்ற பாதிரியார் இதைக் கடுமையாகவே சொன்னார். பாஷை தெரியாதவனுக்குத் தான் செய்யும் தீங்குகூடத் தெரியாது. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பேச்சின் துணிச்சலை மெச்சுகிறேன். ஆனால் அங்கும் மெக்ஸிகோக் குடியானவனுக்காகப் பேசியவர் இல்லிச்சே. யார் வரலாம், வரக்கூடாது என்பதைக் குடியானவனிடமும் கேட்டிருக்கலாம்.

போகவே கூடாது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. 1938-இல் இந்தியா சீனத்துக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் இளைஞரான துவாரகாநாத் கோட்னிஸும் ஒருவர். அவர் சீன மொழியைக் கற்றார்; அங்கேயே மணம் செய்துகொண்டார்; 1942 டிசம்பரில் அங்கேயே காலமானார். அவர் கதையைக் கே. ஏ. அப்பாஸ் புத்தகமாக எழுத, சாந்தாராம் 1946-இல் படமாக்கினார். எல்லோரும் கோட்னிஸைப்போல உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. நோயாளி தன் வலியைத் தன் சொல்லிலேயே சொல்லும்படி அவர் பாஷையைக் கற்றாரே, அந்த அளவு போதும்.

பிற தேசத்தாரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அன்று முதல் நம் பிள்ளைகளும் கிராமங்களில் முகாம் போடுகிறார்கள். பாஷை தெரியாது என்ற சாக்கு, சென்னையிலிருந்து எங்கள் வட்டாரத்துக்கு வரும் மாணவனுக்குக் கிடையாது. அப்படியிருந்தும் முகாம் அறிக்கைகளில் நட்ட கன்றுகளின் கணக்கு இருக்கும். கன்று நட்ட இடத்துக்குச் சொந்தக்காரர் சொன்ன ஒரு வார்த்தை இருக்காது.

ஆகவே, அயல்நாடு போனாலும் அடுத்த தாலுகா போனாலும், நினைவுக் கட்டுரை எழுதும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்துத் திருத்துகிற இடத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பியுங்கள்.