ஒரு கோப்பு, எத்தனை உரிமையாளர்?

லினக்ஸில் ஒரு பாதையில் ஒரு கோப்புதான் இருக்க முடியும். அதே பாதைக்கு இரண்டு பேக்கேஜ்கள் ஆளுக்கொரு கோப்பைக் கொண்டுவந்தால் யாருடையதை வைப்பது? ஒன்றை நீக்கினால் கோப்பும் போக வேண்டுமா? இந்த வழக்கில் அளித்த தீர்ப்பை வைத்தே பேக்கேஜ் மேலாளர்களை நான்கு மரபுகளாகப் பிரித்துவிடலாம்.

மூத்த மரபு, 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேருடையது. நிறுவும்போது கேள்வியே கிடையாது; பின்னால் வந்தது முன்னதன் மேல் எழுதிவிடும். நீக்கும்போது மட்டும் மற்ற பேக்கேஜ்களின் பட்டியலைப் பார்க்கும். அங்கும் அந்தப் பெயர் இருந்தால் கோப்பில் கைவைக்காது.

டெபியனின் டிபிகேஜி கறாரானது. உள்ளடக்கம் ஒன்றே என்றாலும் இன்னொரு பேக்கேஜின் கோப்பைத் தொட விடாது. உரிமை கைமாறப்போவதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸின் பேக்மேனும் இந்தக் கட்சிதான். 2013-இல் வந்த டெபியன் 7 ஒரு விலக்கு அளித்தது: ஒரே பேக்கேஜின் 32 பிட், 64 பிட் வடிவங்கள் அருகருகே இருக்கலாம், பொதுக் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வந்தது. பேக்கேஜோடு வரும் மாற்றப் பட்டியலை ஜிஸிப் சுருக்கும்போது தலைப்பில் நேரத்தையும் பதிகிறது. எழுத்து மாறாவிட்டாலும் நேரம் வேறானால் கோப்பு வேறு, நிறுவல் நின்றுவிடும். பெயரையும் நேரத்தையும் பதியாதே என்று சொல்லும் 'என்' என்ற ஓரெழுத்து விருப்பம்தான் மருந்து.

ரெட் ஹாட் வழிவந்த ஆர்பிஎம் கூட்டுரிமையை ஏற்கிறது. உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹாஷ், அனுமதிகள், கோப்பை உடைய பயனர் எல்லாம் பொருந்தினால் இருவரும் வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பங்காளி வெளியேறும்போதுதான் கோப்பு அழியும். ஃபெடோரா 11-இல் (2009) ஹாஷ் முறையாக எம்டி5 போய் ஷா-256 வந்தது. ஆனாலும் சரிபார்ப்பில் ஹாஷ் பொருந்தாவிட்டால் இன்றும் '5' என்றே காட்டுகிறது.

நிக்ஸ், வழக்கே வராமல் பார்த்துக்கொள்கிறது. எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விரிவாக வகுத்த முறை இது. ஒவ்வொரு பேக்கேஜும் ஹாஷைப் பெயரில் தாங்கிய தனி அடைவில் குடியிருப்பதால் மோதலுக்கு இடமில்லை. இதனால் பெருகும் நகல்களை ஹார்ட் லிங்க் மூலம் ஒன்றாக்கும் கட்டளையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பிஎன்பிஎம் ஏறக்குறைய இதையே செய்கிறது.

பெயரை நம்பாமல் பைட்டை நம்புவதும், எல்லா உரிமையாளரையும் நினைவில் வைப்பதும், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஹாஷைச் சேமிப்பதுமே நல்ல மேலாளரின் இலக்கணம். மூன்றையும் அன்றாடப் பயன்பாட்டில் சேர்த்துத் தருவதில் ஆர்பிஎம்முக்கே என் ஓட்டு. ஆனால் அந்த ஹாஷ் பட்டியலும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டுப் பழுதையும் கைத்தவறையும் அது பிடிக்கும். ரூட் அதிகாரத்தோடு நுழைந்தவனை நம்பகமாகப் பிடிக்காது.

அடுத்த முறை நிறுவல் 'கோப்பு மோதல்' என்று நின்றால், கட்டாயப்படுத்தி மேலெழுதிவிடாதீர்கள். அந்தக் கோப்பு யாருடையது என்று முதலில் மேலாளரிடமே கேளுங்கள்.