சிங்கம் பார்க்க லண்டன் போங்கள்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழையும் கூட்டம் நேராக ரொசெட்டா கல்லைத்தான் தேடி ஓடும். ஓடட்டும். நீங்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருக்கும் செல்போன்களைத் தாண்டி அசிரிய அறைகளுக்குள் போங்கள். 10ஆம் எண் அறை. நீண்டு ஒடுங்கிய கூடம். சுவர் முழுக்கச் சிங்கங்கள். உலகத்தில் எந்தச் சிற்பியும், எந்தக் காலத்திலும், ஒரு மிருகத்தை இதைவிட நன்றாகச் செதுக்கியதில்லை என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்களோடு சண்டைக்கும் தயார்.

கி.மு. 645 வாக்கில், இன்றைய இராக்கின் மோசுல் நகரை ஒட்டிய நினிவேயில், அசிரியப் பேரரசர் அசூர்பனிபாலின் வடக்கு அரண்மனைச் சுவர்களுக்காகச் செதுக்கிய ஜிப்சம் பலகைகள் இவை. காட்சி, அரச வேட்டை. காட்டுக்குள் போய்த் தேடி அடிக்கும் வேட்டை அல்ல. கூண்டில் கொண்டுவந்த சிங்கங்களை, வீரர்களும் வேட்டைநாய்களும் வளைத்து நிற்கும் திடலில் திறந்துவிடுவார்கள்; ராஜா தேரில் நின்று அம்பெய்வார். நாட்டைக் காப்பவன் நானே என்று ஊரறியச் சொல்லும் சடங்கு. சிங்கக் கூண்டின் மேலேயே இன்னொரு குட்டிக் கூண்டு. அதற்குள் ஒரு சிறுவன் பதுங்கி நின்று கதவைத் தூக்கிவிடுகிறான். எத்தனையோ நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜாவின் வீரத்தைப் பாட இத்தனை பலகைகள். என்னைக் கேட்டால் அந்த அறையிலேயே பெரிய தைரியசாலி இந்தப் பொடியன்தான். ஒரு பக்கம், மரங்கள் அடர்ந்த குன்றில் ஊர்ஜனம் முண்டியடித்து ஏறுகிறது, வேடிக்கை பார்க்க.

சரி, சிங்கங்களுக்கு வருவோம். ஒன்று வாயிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட, நான்கு கால்களையும் இறுக்கி ஊன்றி, விழாமல் நிற்கப் பார்க்கிறது. அதற்கு நரம்பும் தசையும் எப்படிப் புடைத்திருக்கின்றன தெரியுமா! பிறகு, அந்தப் பெண் சிங்கம். முதுகில் அம்பு தைத்து இடுப்புக்குக் கீழே உயிரில்லை. பின்னங்கால்கள் தரையில் இழுபடுகின்றன. ஆனாலும் முன்னங்கால்களில் எழும்பி, கழுத்தை நீட்டி, இன்னும் உறுமுகிறது. புத்தகங்களில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் கணக்கில் வராது. நேரில் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: இத்தனை வலியும் இத்தனை ரோஷமும் மெல்லிய புடைப்புக்குள் அடங்கியிருக்கிறது! இன்னொரு சாமர்த்தியம், சுற்றிலும் விட்டிருக்கும் வெற்றிடம். புல் இல்லை, மரம் இல்லை. ஒவ்வொரு சிங்கமும் தன் சாவோடு தனியாக இருக்கிறது.

அசிரியர்கள் சிங்கத்துக்காக இரங்கியிருக்கவே மாட்டார்கள், எதிரி துடிப்பதை ரசித்திருப்பார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இருக்கலாம். பார்த்தவர்கள் ரசித்திருக்கட்டும், நான் பேசுவது உளி பிடித்தவனைப் பற்றி. ராஜாவின் முகத்தைப் பாருங்கள். சுருள் சுருளாக அழகான தாடி, அதற்குமேல் ஒன்றுமில்லை. சிங்கம் பாய்ந்து வரும்போதும் ஒரு சலனம் கிடையாது. கூலி கொடுத்தது ராஜா. சிற்பி மனசைக் கொடுத்தது சிங்கத்துக்கு.

அதற்காக அசூர்பனிபாலைக் குறைத்து எடைபோட்டுவிட வேண்டாம். வேட்டைக் களத்தில் இடுப்புக் கச்சையில் எழுத்தாணி செருகியிருக்கிறார், மனிதர்! தனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்ட அரசர் அவர். நினிவேயில் அவர் சேர்த்த நூலகத்திலிருந்து கிடைத்த களிமண் பலகைகளும் துண்டுகளும் சுமார் 30,000. கில்காமெஷ் காவியத்தின் பெருவெள்ளக் கதையை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் கண்டுபிடித்தது அந்தக் குவியலில்தான். அதே அரசர்தான் இன்னொரு சிற்பப் பலகையில் கொடிப்பந்தலின் கீழ் ராணியோடு சொகுசாக விருந்துண்கிறார். அதே காட்சியில், எலாம் நாட்டு அரசன் தெயும்மானின் தலை மரத்தில் தொங்குகிறது.

இந்தச் சிங்கப் பலகைகளை 1853 டிசம்பரில் மண்ணுக்குள்ளிருந்து கொண்டுவந்தவர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம், மோசுலிலேயே பிறந்தவர். அரண்மனை புதைந்திருந்த இடம் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்த பகுதி. ஆகவே ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஆட்களை வைத்துத் தோண்டினார். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். (மோசுலின் சொத்து லண்டனில் ஏன் இருக்கிறது என்ற கேள்வி எனக்கும் உண்டு. அது தனிக் கட்டுரை.) பலகைகள் மிஞ்சின, சிங்கங்கள் இராக்கில் மிஞ்சவில்லை. அதே ஆசியச் சிங்க இனம் இன்று காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான்.

ஒன்றைத் தவறவே விடாதீர்கள். சிறிய காட்சி ஒன்றில், ராஜா பின்னால் நின்று ஒரு சிங்கத்தின் வாலைப் பிடிக்கிறார். கிட்டே போய் அந்த வாலைப் பாருங்கள். நடுவே உளியால் கொத்தி வெட்டியிருக்கிறது. கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைச் சூறையாடியபோது அரண்மனைக்குள் புகுந்த எவனோ ஒருவனின் வேலை அது என்கிறார்கள். ஊரே கொள்ளை போகிறது, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடலாம். இவன் மெனக்கெட்டு ஒரு கல் சிங்கத்தை விடுதலை செய்துவிட்டுப் போயிருக்கிறான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், காவலர் திரும்பிப் பார்த்தார். அவரைக் கூப்பிட்டு வாலைக் காட்டினேன். தினமும் பார்ப்பவர்தான், ஆனாலும் குனிந்து பார்த்தார்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை என்றால் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். ரொசெட்டா கல்லைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.