பெறுதலும் வளர்த்தலும்: ஆழ்வார் பாசுரங்களிலும் வேங்கடத் தலபுராணத்திலும் வளர்ப்புப் பெற்றோர்

தத்தெடுத்தல் சட்டத்தின் நோக்கில் ஒரு நாளில் முடிந்துவிடும் செயல். பழைய தருமநூல் மரபு அதனை மகன் வேண்டியே வகுத்தது. நீர்க்கடன் செய்வதற்கும் குடிப்பெயர் விளங்குவதற்கும் ஓர் ஆண் தேவைப்பட்டான். கோயில் மகளிரிடையே நிலவிய வழக்கை விட்டால், பெண்மகவைத் தத்தெடுக்க அம்மரபில் பொதுவாக இடமில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, சீவனாம்சச் சட்டமே மகளுக்கும் அவ்வுரிமையைத் தந்தது. ஆயின், வந்த குழந்தை வீட்டுக் குழந்தையாகும் நிகழ்வு எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. அது நீராட்டிலும் சோற்றிலும் உறக்கத்திலும் சிறிது சிறிதாக நிகழ்வது. இந்த அன்றாடத்தை விரிவாகப் பாடியவர் பெரியாழ்வார். அதனை இழந்தவளின் வாய்மொழியாகப் பாடியவர் குலசேகராழ்வார். இவ்விருவர் பாசுரங்களையும் வேங்கடத் தலபுராணத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரை.

பெரியாழ்வார் திருமொழியைப் பிள்ளைத்தமிழின் முன்னோடியாகக் காட்டும் ஆய்வுகள் பல. அவை பருவங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. யசோதை கண்ணனைப் பெறாதவள் என்னும் செய்தி அவற்றில் பெரிதும் பேசப்படுவதில்லை. ஆழ்வார் தாய்நிலை எய்திப் பாடினார், அது பாவனை என்று கூறி அமைகின்றனர். ஆனால் ஆழ்வார் அச்செய்தியை மறைக்கவில்லை. கண்ணனின் திருமேனியை அடிமுதல் முடிவரை காட்டும் பதிகத்தின் (1:2) முதற்பாசுரமே, தேவகி யசோதைக்கு அனுப்பிவைத்த குழந்தை இது என்று சொல்லித் தொடங்குகிறது. சொன்ன வேகத்திலேயே பாசுரம் அதனைக் கடந்துவிடுகிறது. குழந்தை தன் காலைப் பிடித்துச் சுவைக்கிறது. வந்து பாருங்கள் என்று அயலாரை அழைக்கிறாள் யசோதை. பிறப்பு ஓரடிச் செய்தியாக நிற்க, கால்விரல், கணைக்கால், முழந்தாள் என உறுப்புதோறும் ஒரு பாட்டு நடக்கிறது. பிள்ளையைத் தனதாக்கிக்கொள்ளும் முறை இதுவே எனலாம். உரிமை கோரும் சொல் எங்கும் இல்லை. ஊராருக்குக் காட்டும் பெருமிதமே உண்டு.

இரண்டாம் பத்து இன்னும் வீட்டுக்குள் செல்கிறது. காது குத்தத் திரியோடு அழைத்தால் நோகும் என்று அஞ்சி ஓடும் பிள்ளையைத் தின்பண்டம் காட்டித் தேற்ற வேண்டும். புழுதியும் வெண்ணெயும் அப்பிய உடம்போடு உறங்கவிட மனம் வராமல், எண்ணெயும் புளிப்பழமும் எடுத்துவைத்துக் காத்திருக்க வேண்டும். குழல்வாரக் காக்கையைக் கூவ வேண்டும், பூச்சூட்ட வேண்டும், அந்தி மயங்கினால் கண்ணேறு படாமல் காப்பிட வேண்டும். இப்பதிகங்களில் பிள்ளை உடனே இணங்குவது அரிது. கெஞ்சலும் மிரட்டலும் கையூட்டும் கலந்த பேச்சே பாசுரமாகிறது. இணங்காத பிள்ளையோடு நாள்தோறும் வாதாடுவதே உறவை நெய்கிறது என்பது ஆழ்வாரின் நுட்பமான கண்டறிவு. புதிதாக வந்த குழந்தையின் அடத்தை நன்றியின்மையாகக் கொள்ளும் வீடுகள் உண்டு. அத்தகைய எண்ணத்தின் சாயல்கூட யசோதையிடம் இல்லை.

எனினும் மூன்றாம் பத்தின் தொடக்கத்தில் ஒரு விரிசல் தோன்றுகிறது. பேய்ச்சி முலையுண்டது முதலான செயல்களைக் கண்ட யசோதை, நீ யாரென்று அறிந்துகொண்டேன், இனிப் பாலூட்ட அஞ்சுவேன் என்கிறாள். உரைமரபு இதனைப் பரத்துவத்தைக் கண்டு அஞ்சிய அச்சமாக விளக்கும். அது பொருந்துவதே. ஆயினும், கையில் வளரும் பிள்ளைக்குத் தன் வீட்டுக்கு அப்பால் வேறொரு மூலம் உண்டு என்று உணரும் கணமாகவும் அது நிற்கிறது. அவ்வச்சத்தைத் தீர்க்க ஆழ்வார் விளக்கம் எதையும் தேடவில்லை. அடுத்த பதிகத்தில் அதே தாய், குடையும் செருப்பும் கொடுக்காமல் பிள்ளையைக் கன்றின்பின் காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்துகிறாள். பரம்பொருளின் பாதத்தில் பரற்கல் குத்துமே என்னும் கவலை, அறிந்துகொண்டேன் என்ற அறிவை விழுங்கிவிடுகிறது. பெரியாழ்வார் திருமொழியில் இதனினும் உயர்ந்த இடம் வேறில்லை என்றே கூறத் தோன்றுகிறது. 2002இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படமும் இத்தகைய அறிவையே மையமாகக் கொண்டது. ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையை அறியும் சிறுமி பெற்றவளைத் தேடிக் கடல் கடக்கிறாள். திரைப்படத்தில் அறியும் துயரம் குழந்தையுடையது. பாசுரத்தில் அறியும் அச்சம் தாயுடையது. பாகவத மரபில் குழந்தை மாறிய செய்தியை அவ்வேளையில் யசோதை அறியாள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆகவே அவளைத் தெரிந்தே தத்தெடுத்த தாயாகக் கொள்வது மிகையாகும்.

குலசேகரர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல். பெற்றவள் இழந்தவை எவை என்று பார்த்தால், அரசோ புகழோ அப்பட்டியலில் இல்லை. தாலாட்டவில்லை, பிள்ளை அள்ளியுண்ட சோற்றின் மிச்சிலை உண்ணவில்லை, வெண்ணெய் அளைந்த கையோடு, அடிக்கு அஞ்சி அழுது நின்ற கோலத்தைக் காணவில்லை. உன் தந்தை யார் என்று கேட்டபோது பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக்காட்டியது நந்தனையே. இவ்விடத்தில் ஆழ்வார் 'பெறு' என்னும் வினையை நந்தனுக்கு உடன்பாடாகவும் வசுதேவனுக்கு எதிர்மறையாகவும் ஆள்கிறார். ஈனுதலையும் அடைதலையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழின் இயல்பு இங்குக் கவிதையாகிவிடுகிறது. பெற்றவன் பெறாதவனாகிறான். பிள்ளையின் சுட்டுவிரலே தந்தையைத் தீர்மானிக்கிறது.

குலசேகரரின் பெயர் திருமலைக் கருவறை வாயிற்படியில் இன்றும் வழங்குகிறது. அம்மலையின் தலபுராணம் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் அமைந்திருப்பது வியப்புக்குரியது. கண்ணனின் திருமணத்தைக் காணாத யசோதையின் குறை தீர, அவளே வகுளமாலிகையாகப் பிறந்து சீனிவாசனை வளர்த்தாள் என்பது வேங்கடாசல மாகாத்மிய மரபு. திருமலையில் அவள் உருவம் மடைப்பள்ளியை அடுத்து அமைந்துள்ளது. நாள்தோறும் ஆகும் தளிகையை அவள் மேற்பார்ப்பதாக நம்பிக்கை. வளர்ப்புத்தாய்க்கு மடைப்பள்ளியைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. திருப்பதியை அடுத்த பேரூர்க் குன்றில் நெடுங்காலம் சிதைந்து கிடந்த வகுளமாதா கோயில் 2022இல் புதுப்பிக்கப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது.

மணமகளும் கண்டெடுக்கப்பட்டவளே. நாராயணவனத்தை ஆண்ட ஆகாசராசன் வேள்விக்காக நிலத்தை உழுதபோது தாமரையில் கிடைத்த மகவு பத்மாவதி. பாலசமுத்திரம், நகரி, நாராயணவனம் எனத் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதியின் கதை இது. சீதையின் கதையை அப்படியே ஒத்தது என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. இங்கே இருதரப்புப் பெற்றோரும் பெறாதவர்கள். வகுளமாலிகை பெண்கேட்டுச் செல்கிறாள். ஆகாசராசன் மகட்கொடை நேர்கிறான். பெறாத தாயும் பெறாத தந்தையும் கூடி நடத்தும் மணத்தையே வேங்கட மரபு தெய்வத் திருமணமாகக் கொண்டாடுகிறது. மகனை வேண்டிய தருமநூல் மரபு நிலவிய காலத்திலேயே, மகளை ஏற்ற கதை மக்கள் வழக்கில் செழித்துள்ளது. ஆயினும் தலபுராணத்தில் ஒரு வறுமை உண்டு. தாமரையில் கிடைத்த குழந்தை சில வரிகளில் மணப்பருவம் எய்திவிடுகிறாள். அவளை யார் நீராட்டினர், எந்த இரவில் அவள் அழுதாள் என்பதற்கு அங்கு இடமில்லை. தெரிந்தே ஏற்றலைப் புராணம் சொல்கிறது. ஏற்றபின் வாழ்தலைப் பாசுரமே சொல்கிறது.

இவ்விரண்டும் சந்திக்கும் இடம் பெரியாழ்வார் திருமொழியிலேயே உண்டு. மகளைத் திருமால் கொண்டுசென்றபின் தாய் இரங்கும் பதிகம் (3:8) அது. துறையால் அகமரபுக்கு உரியது. உடன்போக்கில் சென்ற மகளை எண்ணிச் சங்கப்பாடல்களில் இரங்குபவள் பலவிடத்தும் செவிலியே. துளசிவனத்தில் கோதையைக் கண்டெடுத்த செய்தி குருபரம்பரை நூல்கள் தருவது, பாசுரங்களில் இல்லை. எனினும் ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தேன் என்று தாய் சொல்லுமிடத்தில், வளர்த்தல் என்னும் வினையே முன்நிற்கிறது. அடுத்துவரும் கவலை யசோதையைப் பற்றியது: மருமகளைக் கண்டு மகிழ்ந்து மணப்பெண்ணுக்கு உரிய சிறப்புகளைச் செய்வாளா? மகளை வளர்த்த கை, மகனை வளர்த்த கையிடம் கேட்கும் கேள்வி இது. அவ்விடத்தில் ஆழ்வார் யசோதையைப் பிள்ளை பெற்றவள் என்றே குறிக்கிறார். தேவகி அனுப்பிய குழந்தை என்று முன்னர்ப் பாடியவரும் அவரே.

மகளின் பக்கத்திலிருந்து கிடைக்கும் சான்று சிறியது; ஆனால் உறுதியானது. திருப்பாவையின் இறுதிப் பாசுரத்திலும் நாச்சியார் திருமொழியின் பெரும்பாலான பதிக முடிவுகளிலும் கோதை தன் பெயரைத் தனியே இடுவதில்லை. பட்டர்பிரானின் கோதை, விட்டுசித்தனின் கோதை என்றே கையொப்பமிடுகிறாள்.