பேரேடு சொல்வதும் போர் சொல்வதும்

மூதாதை ஒருவரின் பெயரைப் பழைய ஆவணத்தில் கண்டெடுத்து, அவர் காலத்துப் போரைப் பின்புலமாக வைத்து அவரது வாழ்க்கையை எழுதுவது வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் போர் வரலாறு ஒருவருக்கு என்ன நேர்ந்திருக்கலாம் என்றுதான் சொல்லும். என்ன நேர்ந்தது என்று சொல்லாது. மட்டாஞ்சேரியும் அதை ஒட்டிய கொச்சிக் கோட்டையும் இதற்கு நல்ல சான்று.

1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1795இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தது. கம்பெனிக் கப்பலில் வேலைக்கு ஏறியவருக்குச் சம்பளப் பேரேட்டில் தனிக் கணக்கு உண்டு: பெயர், சொந்த ஊர், பதவி, சம்பளம், கடன், பணி முடிந்த நாள், முடிந்த காரணம். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1751 முதல் 1804 வரையிலான ஞானஸ்நான, திருமணப் பதிவேடு இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆவணக் கட்டுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆவணம் இல்லாத இடத்தையும் போர் விளக்கும். 1662இல் டச்சு முற்றுகை தோற்றதும் போர்ச்சுகீசியர் மட்டாஞ்சேரி யூதத் தெருவைச் சூறையாடித் தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்தனர். பழைய ஏடுகள் பல அதில் அழிந்தன.

சறுக்கலும் இங்கேதான். 1741இல் கொச்சியில் இருந்த ஒரு சிப்பாயின் கணக்கு கிடைத்ததும், அதே ஆண்டில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரிடம் தோற்ற குளச்சல் போரில் அவரை நிறுத்திவிட ஆசை வரும். குளச்சலில் இறங்கிய படையோ இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டது. இன்னொரு குறை இதைவிடப் பெரிது. பேரேடு கம்பெனியின் கணக்குத் தேவைக்காக எழுதப்பட்டது. அடிமையாக விற்கப்பட்டவர் விற்பனைப் பத்திரத்தில் சரக்காகவே இடம்பெறுகிறார். படையினரின் உடுப்பு வெளுக்க டச்சுக்காரர்கள் அழைத்துவந்தார்கள் என்று தம் வரலாற்றைச் சொல்லும் கோட்டைக்கொச்சித் தமிழ் வண்ணார்களுக்குச் சிப்பாய்க்கு உள்ளதுபோல் ஆளுக்கொரு கணக்கு கிடையாது.

ஊகத்தை விலக்கினால் எளியவர்களுக்கு வரலாறே மிஞ்சாது என்று வாதிடலாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஊகத்தை உண்மையாக எழுதினால், அந்த எளியவரின் இடத்தில் நாம் விரும்பும் ஒருவர்தான் வந்து நிற்பார். வாய்மொழி மரபும் சான்றுதான். சொன்னவர் யார், எப்போது சொன்னார், யாரிடம் கேட்டறிந்தார் என்று குறித்துக்கொண்டால் அதையும் ஆவணத்தைப்போல் எடைபோடலாம். எனவே குடும்ப வரலாறு எழுதுவோர் ஏடு சொல்வதையும், வீட்டார் சொல்வதையும், தாம் ஊகிப்பதையும் வாசகர் பிரித்தறியும்படி எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட இரண்டு பக்கம், போர்க்காட்சிகளால் நிரப்பிய இருநூறு பக்கத்தைவிட மூதாதைக்குச் செய்யும் பெரிய மரியாதை.