கறுத்த இலைக்குப் பின்னால் வெயில் வேண்டும்

நியூசிலாந்துத் தோட்டங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும் கருஞ்சிவப்பு ஃப்ளாக்ஸை, மாவோரிகளின் ஹராகெகெயை, பலரும் எட்ட நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். (நம் ஆளிவிதைச் செடிக்கு இது சொந்தமில்லை, கற்றாழைக் குடும்பத்துச் செடி.) இதை ரசிக்க, நிறத்தைவிட வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும் என்பேன். கறுத்த இலையிலும் பச்சையம் இருக்கிறது. அது சிவப்பு, நீல ஒளியை உறிஞ்ச, அந்தோசயனின் என்ற நிறமி மிஞ்சிய பச்சை ஒளியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் திரும்பி வருவது சொற்பமே என்பதால் இலை கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும்போது ஊடுருவி வரும் கொஞ்சம் சிவப்பில் விளிம்பெல்லாம் செம்பு நிறமாகக் கனன்றுவிடும். அங்கே சூரியன் வடபுறம் சாய்ந்து செல்வதால், நண்பகலில் செடிக்குத் தெற்கே நிற்பவருக்குத்தான் இந்தக் காட்சி கிடைக்கும்.

கறுத்த செடி தோட்டத்தையே களையிழக்கச் செய்யும் என்பார்கள். அடர்ந்த வேலிக்கு முன்னால் நிழலில் நட்டால் அது உண்மைதான்: நிறமும் மங்கும், செடியும் வேலியோடு கரைந்துபோகும். வெளிறிய புல்லையோ சாம்பல் இலைச் செடிகளையோ பின்னணியாக்கிப் பாருங்கள், அதன் வடிவம் துலங்கும். பச்சை ரகத்தில் கூட்டத்தோடு கலந்துவிடும் அந்த வடிவத்தைக் கறுப்பு தனியே பிரித்துக் காட்டுகிறது. குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் நடுவில் மடிந்து, உள்ளே இருக்கும் அடுத்த இலையைக் கவ்விக்கொண்டு, விசிறியாக விரிகிறது. இடம் போதாது என்பவர்களுக்குக் குட்டை ரகங்கள் உண்டு. ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும் ‘பிளாட்ஸ் பிளாக்’ அவற்றில் ஒன்று.

வயதானால் இலை கிழிந்து அசிங்கமாகிவிடுகிறதே என்பது நியாயமான குறை. அதற்கு மாவோரி நெசவாளர்களிடம் நல்ல பழக்கம் இருக்கிறது. நடுக்குருத்தைக் குழந்தையாகவும் இருபுற இலைகளைப் பெற்றோராகவும் எண்ணி அந்த மூன்றையும் தொடமாட்டார்கள். வெளி இலைகளை மட்டும், மழைநீர் குருத்துப் பக்கம் இறங்காதபடி வெளிநோக்கிச் சாய்த்து அறுப்பார்கள். செடியும் அழுகாது, வடிவமும் கெடாது. இப்படிக் கழித்துவிட்ட செடியில்தான் விசிறியின் கோடுகள் சுத்தமாகத் தெரியும். பூ சுமார்தான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கோடையில் உயரக் கிளம்பும் தண்டில் மங்கிய சிவப்புப் பூக்கள் வரும். தேன் குடிக்கும் டூயி பறவையின் நெற்றியில் ஆரஞ்சு மகரந்தம் அப்பியிருக்கும். அந்தப் பூவின் விதையை நம்பி மட்டும் நடாதீர்கள், முளைப்பது தாயின் நிறத்திலேயே வரும் என்ற உறுதி கிடையாது. உங்களுக்குப் பிடித்த கறுப்பு அப்படியே வேண்டுமென்றால், வேரோடு பிரித்த கன்றைத்தான் நட வேண்டும்.