அடிக்குறிப்பு 17

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் வழங்கிய கஸ்டனேடா எதிர் பார்ட்டிடா தீர்ப்பை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது அதன் 17ஆம் அடிக்குறிப்புக்காக. எழுதியவர் நீதிபதி பிளாக்மன். ஒற்றை விகிதத்துக்கான கருதுகோள் சோதனை இத்தனை சிக்கனமாகவும் கண்ணியமாகவும் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

டெக்சாஸின் ஹிடால்கோ கவுண்டி மக்களில் அப்போது 79.1 சதவீதத்தினர் மெக்சிக வம்சாவளியினராக இருந்தனர். 11 ஆண்டுகளில், ஒருவர்மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரிக்கு அழைக்கப்பட்ட 870 பேரில் அவர்கள் 339 பேர்தான். குலுக்கி எடுத்திருந்தால் ஏறத்தாழ 688 பேர் வந்திருப்பார்கள்.

சந்தேகப்பட இதுவே போதும். ஆனால் அடிக்குறிப்பு அவசரப்படவில்லை. குலுக்கலில் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும், அது எவ்வளவு என்று முதலில் பார்க்கிறது. 870ஐ 0.791ஆலும் 0.209ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 12. இதுதான் திட்ட விலக்கம்.

அந்த 0.791இல் சற்று நின்று ரசிக்க வேண்டும். கைக்கு வந்த விகிதம் 0.39 அல்லவா? அதை ஏன் போடவில்லை? சோதனைக்கு வந்திருப்பது ‘தேர்வு பாரபட்சமற்றது’ என்ற கூற்று. அதை மெய்யென்றே ஏற்றுக்கொண்டு, அது மெய்யானால் எண்கள் எவ்வளவு தள்ளாடலாம் என்று அதன் வீட்டு அளவுகோலாலேயே அளக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்ட கருத்துக்கு இதைவிட மரியாதை செய்ய முடியுமா!

இன்னொரு நுட்பமும் அங்கேயே இருக்கிறது. கடைசி இரண்டரை ஆண்டுகளை மட்டும் தனியே எடுத்து, 220 பேருக்கும் கணக்கிடுகிறார்கள்: எதிர்பார்ப்பு 174, வந்தவர்கள் 100, திட்ட விலக்கம் 6. 220 எங்கே, 870 எங்கே? ஏறத்தாழ நான்கு மடங்கு. விலக்கமோ இரண்டே மடங்கு. ஆள் பெருகப் பெருக, தற்செயல் ஒளிந்துகொள்ளும் இடம் ஒப்பளவில் சுருங்குவதை, வர்க்கமூலத்தின் குணத்தை, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டு மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினாலே குலுக்கல் என்பது ஐயத்துக்குரியதாகும் என்கிறது குறிப்பு. 870 பேர் கணக்கில் இடைவெளி ஏறத்தாழ 29 திட்ட விலக்கம். தற்செயலாக இப்படி நிகழும் வாய்ப்பு 10இன் 140ஆம் அடுக்கில் ஒன்றுக்கும் குறைவு என்றும் சொல்கிறார்கள். அந்தப் பேரெண்ணைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சின்ன 12தான்.

யார், எதற்காக ஒதுக்கினார் என்று எண் சொல்லாது. நீதிமன்றமும் சொல்லவைக்கவில்லை, விளக்கும் பொறுப்பை மாநிலத்தின் மேல் வைத்தது. பெயர்களைப் பொறுக்கிய ஆணையர்களை மாநிலம் சாட்சிக் கூண்டுக்கு அழைத்திருக்கவில்லை.